காதில் விழாத வரை

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு போன் அடித்தபோது சங்கீதா பிஸ்கட்டுகளுக்குக் கரை போட்டுக்கொண்டிருந்தாள்.

புடவைக் கரைதான். இனியாவின் கல்யாணப் பட்டு மாம்பழ மஞ்சள். அரக்குக் கரையில் கோபுரம் கோபுரமாக ஜரிகை. அதே மஞ்சளை வெல்லம் போட்ட கோதுமை பிஸ்கட்டின் மேல் சர்க்கரைப் பூச்சாகத் தடவி, ஓரத்தில் அரக்கு நிறத்தை இழுத்து, பல் குத்தும் குச்சியின் முனையால் ஒவ்வொரு கோபுரமாக எழுப்ப வேண்டும். டப்பாவுக்கு ஆறு பிஸ்கட். மொத்தம் இருபத்தோரு டப்பா. கூடவே முட்டை சேர்க்காத வாழைப்பழ கேக், ஏலக்காய் மணக்கும் நெய் பிஸ்கட், முந்திரி வைத்த கேழ்வரகு உருண்டை. டப்பா மூடிகளில் பட்டுத் துண்டுகளை ஒட்டியிருந்தாள். அவள் கணவன் எழிலரசன் பஜாரில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளன். வெட்டி மிஞ்சிய துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தவன் அவன்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு போனஸில் இந்த ஓவனை வாங்கிப் போட்டவனும் அவன்தான்.

ஆரணியில் கேக் என்றால் பிறந்தநாள். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் லட்டும்தான். இரண்டு வருடமாக சங்கீதா எத்தனையோ வீடுகளுக்கு மாதிரி கொடுத்துப் பார்த்துவிட்டாள். "நல்லாத்தான் இருக்குது. ஆனா சீருக்கு இத எப்படி வெக்கறது?" என்று கேட்டுவிட்டு, டப்பாவை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. சீர்ப் பலகாரத்துக்குச் செய்தவளின் கைராசி பார்ப்பார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் சங்கீதாவுக்குக் குழந்தையில்லை. வளைகாப்புக்குக் கூப்பிடுவார்கள், வளையல் அடுக்கக் கூப்பிடமாட்டார்கள்.

இரண்டு தெரு தள்ளி பிளவுஸ் தைக்கும் தனக்கோடிதான் முதன்முதலாக வந்து கேட்டாள். மகள் இனியாவை ஆனியில் வெம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். கல்யாணச் சீரில் வைத்த பலகாரத்தைப் பார்த்து, "கடையில வாங்கினு வந்து கொட்டினாங்க" என்று மாப்பிள்ளை வீட்டில் பேசியது அவளுக்கு ஆறவேயில்லை. தலை தீபாவளிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைக்கப் போகும்போது, அங்கிருக்கும் பங்காளி வீடு ஒவ்வொன்றுக்கும், அந்த ஊரே பார்க்காத ஒரு டப்பாவை வைக்க வேண்டும்.

"எனக்கு உன் கையாலதான் வேணும் சங்கீதா," என்றாள். "எவ இன்னா சொன்னா எனக்கு இன்னா?"

அவள் போன பிறகு சங்கீதா சமையலறையில் நின்று நன்றாக அழுதாள். அது ஒரு மாதத்துக்கு முன்பு. இன்று பிற்பகல் ஒரு மணிக்கு தனக்கோடி வேனோடு வந்து டப்பாக்களை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

போன் மீண்டும் அடித்தது. புது எண். முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சித்தியா?"

அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"யாருப்பா?"

"நான் துரை, சித்தி. படவேட்டுல இருந்து பேசறேன்." ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். "அப்பா போயிட்டாரு சித்தி. விடியகாலம் மோட்டார் போடப் போனாரு. ரொம்ப நேரம் வரலியேன்னு போய்ப் பாத்தா, ஷெட்டுலயே சாஞ்ச மாதிரி உட்காந்துகினு இருக்காரு."

குச்சி அவள் கையிலேயே இருந்தது.

"சித்தப்பாவுக்கு அடிச்சிகினே இருக்கேன். சுவிட்ச் ஆஃப்னு வருது. நீங்க சொல்லிடுங்க சித்தி. நாலு மணிக்கு எடுக்கறோம். மழை வேற வர்ற மாதிரி இருக்குது. சித்தப்பா வந்துட்டா போதும்."

"சொல்றேன்," என்றாள். "சொல்றேன்ப்பா."

சீசன் நேரத்தில் அந்தக் கடையில் விற்பனையாளர்கள் காலையிலேயே போனை அணைத்து ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். சாயங்காலம்தான் திருப்பிக் கொடுப்பார்கள். எழிலரசனிடம் சேதி சொல்ல வேண்டுமென்றால் நேரில்தான் போக வேண்டும். ஆட்டோவில் ஏழு நிமிடம்.

சங்கீதா கையைக் கழுவினாள். துடைத்தாள். மேஜையைப் பார்த்தாள். இன்னும் ஒன்பது டப்பாவுக்குக் கரை போட வேண்டியிருந்தது.

துரையின் அப்பா சம்பந்தம், எழிலரசனின் கூடப் பிறந்த அண்ணன். சொந்த அண்ணன் சாவென்றால் இந்த வீட்டுக்குப் பதினாறு நாள் தீட்டு. இந்த வீட்டு அடுப்பில் செய்தது எதையும் இன்னொரு வீட்டு வாசல் தாண்டிக் கொண்டு போகக் கூடாது. அதுவும் புதுப் பெண்ணின் தலை தீபாவளிக்கு! தனக்கோடிக்குத் தெரிந்தால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வெறும் கையோடு வெம்பாக்கம் போவாள். இல்லையென்றால் மறுபடியும் கடையில் வாங்கிக்கொண்டு போவாள்.

ஆனால் தீட்டு என்பது செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான். பெரியவர்களே அப்படித்தான் சொல்வார்கள். அவளுடைய பெரியம்மா மகள் கல்யாணத்தில், ஒரு சாவுச் சேதியைத் தாலி ஏறும் வரைக்கும் மண்டபத்துக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்தார்கள். சேதி கொண்டு வந்தவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. எழிலரசன் காதில் இன்னும் விழவில்லை. அவன்தான் பங்காளி. அவள் வேறு வீட்டிலிருந்து வந்தவள்தானே?

அவள் வேறு வீட்டுக்காரி என்று சொன்னவரே சம்பந்தம்தான். தம்பிக்குத் தன் மைத்துனியைக் கட்டி வைக்க நாள் பார்த்து வைத்திருந்தார். எழிலரசனோ, கடைக்கு ஃபால்ஸ் துணி வாங்க வந்த சங்கீதாவைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் அவளுக்காகவே ஃபால்ஸ் துணிக் கவுண்டரில் நின்றவன். கல்யாணத்தன்று கோயில் வாசலில் வைத்து சம்பந்தம் சொன்னார்: "இனிமே செத்தாலும் வாழ்ந்தாலும் உனக்கும் எனக்கும் ஒன்னுமில்ல. இவளுக்கும் என் வீட்டுக்கும் ஒன்னுமில்ல." தம்பியிடம்தான் பேசினார், பார்த்தது சங்கீதாவை.

போன ஆடியில்தான் படவேடு ரேணுகாம்பாள் கோயில் கூட்டத்தில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். "நல்லாக்கறியா?" என்று கேட்டாராம். துரை போன் நம்பர்களை வாங்கிக்கொண்டான். அப்புறம் ஒருமுறை பஸ்ஸில் ஒரு வாழைத்தார் வந்தது. எழிலரசன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டி வந்தான்.

ஒரு மணிக்கு டப்பா போய்விடும். ஒன்றேகாலுக்குச் சொல்லிவிடலாம். பைக்கில் படவேடு ஒரு மணி நேரம். இரண்டரைக்கு அண்ணன் பக்கத்தில் இருப்பான். நாலு மணிக்குத்தான் எடுக்கிறார்கள். நாலு என்றால் ஐந்தாகும். எந்தச் சாவு வீட்டில் சொன்ன நேரத்துக்கு எடுத்திருக்கிறார்கள்?

சங்கீதா உட்கார்ந்து கரை போட ஆரம்பித்தாள். முதல் கோபுரமே நேராக எழும்பியது. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

பதினொரு மணிக்கு துரை மீண்டும் கூப்பிட்டான்.

"சித்தப்பா கிளம்பிட்டாரா சித்தி?"

"கிளம்பிகினே இருக்காருப்பா. கடையில சொல்லிட்டு வரணும் இல்ல."

"சரி சித்தி. ஜல்தி வரச் சொல்லுங்க. சாவுப் பாட்டு பாடற ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்க. சித்தப்பா வரட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

போனை வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதுவரை ஒரு சேதியை நிறுத்தி வைத்திருந்தாள். இப்போது ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு இருபத்தோரு டப்பாவும் ரிப்பன் கட்டி வரிசையாக நின்றன. ஒரு மணி ஆயிற்று. ஒன்று பத்து. தனக்கோடிதான் போன் செய்தாள்.

"இந்த வண்டிக்காரன் ஒரே பேஜாரு பண்றான் சங்கீதா. இப்பதான் சேத்துப்பட்டுல இருந்து வந்துகினு இருக்கானாம். ஒன்றரைக்கு ராகு காலம் வந்துடும். மூணு மணிக்கு வந்து எடுத்துக்கறேன், இன்னா?"

"அக்கா, இப்பவே வாங்களேன். ஆட்டோ புடிச்சு நானே உங்க வீட்டுல கொண்டாந்து வெச்சிடறேன்."

"உனக்கு இன்னா அவசரம்? அது சீரும்மா. வீட்டுக்கு வந்து, தட்டுல வெச்சு, முறையா எடுத்துகினு போவணும். வியாழக்கிழமை ராகு காலத்துல எவளாவது சீர் எடுப்பாளா? இதுல ஒரு குத்தம் கண்டுபுடிப்பாங்க அவங்க."

போன் கட்டாயிற்று. சங்கீதா கணக்குப் போட்டாள். மூன்று மணிக்குச் சொன்னால் நாலேகாலுக்குப் போய்ச் சேருவான். முகம் பார்க்கலாம். பார்க்க முடியாமலும் போகலாம். போதும் என்று எழுந்தாள். டப்பா கிடக்கட்டும். பர்ஸை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

வாசலில் பைக் வந்து நின்றது.

"இன்னா மேடம், வெளியூர் பயணமா?" எழிலரசன் ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தான். "முதலாளிக்கு இன்னிக்கு மனசு இளகிடுச்சு. ஒரு மணி நேரம், வீட்டுக்குப் போய் சூடா சாப்டு வாடான்னாரு. சோறு இருக்குதா, இல்ல பிஸ்கட்டுதானா?"

அவன் தானாகவே வந்து அவள் முன்னால் நிற்கிறான். வாயைத் திறந்தால் போதும்.

"இருக்குது," என்றாள். "உட்காருங்க."

காலையில் வைத்த கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்கினாள். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டான்.

"காலையில ஒரு அம்மா வந்துச்சு சங்கீ. நாப்பத்தாறு புடவை பிரிச்சுப் போட்டேன். அதுக்கு மேல இருக்கற தட்டுல கை வெக்கறேன், 'வேணாம்ப்பா, மேட்சிங் ஃபால்ஸ் மட்டும் குடு'ன்னுச்சு. எனக்கு உன் ஞாபகம் வந்துடுச்சு."

அவள் சிரிக்க முயன்றாள்.

"இன்னா, முகமே சரியில்ல? ரெண்டு நாளா தூங்கல இல்ல நீ." எட்டி, தட்டில் ஒதுக்கி வைத்திருந்த உடைந்த பிஸ்கட் ஒன்றை எடுத்தான். "கோபுரம் இடிஞ்சதெல்லாம் எனக்கா?" வாயில் போட்டுக் கண்ணை மூடினான். "ஐயோ. வெம்பாக்கமே வந்து நம்ம வாசல்ல நிக்கப் போவுது பாரு."

"இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டுமா?"

"வை. சங்கீ, ஒன்னு கேக்கறேன், கோச்சுக்காத. அண்ணனுக்கு ஒரு டப்பா போடேன். இதே மாதிரி, கரையெல்லாம் வெச்சு. தீபாவளி முடிஞ்சதும் நாமளே போய்க் குடுத்துட்டு வரலாம். ரெண்டு பேரும்."

குழம்புக் கரண்டி அவள் கையில் இருந்தது.

"உன்கிட்ட சொல்லல. ஆடியில பாத்தோமே, அப்ப உன்னைத்தான் கேட்டாரு. 'அந்தப் பொண்ணு நல்லாக்கீதா'ன்னாரு. பேரு சொல்லத் தெரியல அவருக்கு. நான்தான், எடுத்தவுடனே சொன்னா உனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வரும்னு..." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வயசாயிடுச்சு சங்கீ அவருக்கு. தலையெல்லாம் வெள்ளை."

சங்கீதா சோற்றின் மேல் குழம்பு ஊற்றினாள்.

இப்போது சொன்னால், இந்த வாய்ச் சோற்றோடு சொல்ல வேண்டும். காலையிலிருந்து தெரியும் என்று சொல்ல வேண்டும். அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நினைத்தாள். சாப்பிட்டு முடித்தான். கை கழுவட்டும் என்று நினைத்தாள். கழுவினான். அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, டப்பா வரிசையை ஒருமுறை நின்று பார்த்தான்.

"என் பொண்டாட்டி செஞ்சதுன்னு கடையில எல்லாருக்கும் சொல்லிட்டேன்," என்றான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. மணி இரண்டேகால்.

மூன்று மணி அடித்து இரண்டு நிமிடத்தில் தனக்கோடி வந்தாள். கூட மூன்று பெண்கள், பித்தளைத் தட்டுகள், மல்லிகைச் சரம். மூடியைத் திறந்து பார்த்தாள். சங்கீதாவின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணியை மடியில் போட்டு, "நீ நல்லா இருக்கணும்டி" என்றாள். சங்கீதா குனிந்து அதை வாங்கிக்கொண்டாள். வேன் தெரு முனையில் திரும்பிய உடனே குங்குமத்தை அழித்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

கடைக்குள் ஒரே கூட்டம். எழிலரசன் ஒரு குடும்பத்துக்கு நடுவில் நின்று முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது.

"படவேட்டுல இருந்து போன் வந்துச்சுங்க," என்றாள். "இப்பதான்."

இப்பதான் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை. அதுவாக வந்தது.

பைக்கில் கிளம்பினார்கள். சந்தவாசல் நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அவன் வண்டியை நிறுத்தவில்லை. அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் வேண்டிக்கொண்டாள். எடுத்திருக்கக் கூடாது, எடுத்திருக்கக் கூடாது. ரேணுகாம்பாள் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

படவேட்டில் அந்தத் தெருவுக்குள் திரும்பியபோது ரோட்டில் நனைந்த பூ ஒட்டிக் கிடந்தது. வாசலில் ஆண்கள் யாருமில்லை. பெண்கள் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எழிலரசன் பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஆற்றங்கரைச் சுடுகாட்டுப் பக்கம் ஓடினான். ஒரு செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது.

அவன் ஆண்களோடு திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. துரை தலை மழித்து, ஈர வேட்டியோடு முன்னால் வந்தான். எழிலரசன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதாடா? முகத்தக் கூடப் பாக்கல நான். ஏண்டா சொல்லல?"

துரை வாயைத் திறந்தான். அவன் கண் நேராகக் கூடத்தில் நின்ற சங்கீதாவிடம் வந்தது.

"போன் போகல," என்றது ஒரு குரல். சுவரோரம் உட்கார்ந்திருந்த கன்னியம்மாள். சம்பந்தத்தின் மனைவி. "இங்க டவரு எப்பவுமே அப்படித்தான் எழிலு. புள்ளையப் புடிச்சு உலுக்காத. வந்து உட்காரு."

துரை வாயை மூடிக்கொண்டான்.

பிறகு கிணற்றடியில் சங்கீதா குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கன்னியம்மாள் பின்னால் வந்து நின்றாள். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக இருவரும் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தப் பெண்ணின் தங்கை இருக்க வேண்டிய இடத்துக்குத்தான் சங்கீதா வந்தாள்.

"அக்கா..."

"உனக்காக ஒன்னும் சொல்லல," என்றாள் கன்னியம்மாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "அவன் இன்னிக்கு தாங்கமாட்டான். அதுக்குத்தான். காலையில போன் பண்ணான், அப்புறம் பதினோரு மணிக்கும் பண்ணான் என் புள்ள. கிளம்பிட்டாரு கிளம்பிட்டாருன்னு வாசலையே பாத்துகினு கெடந்தோம். அவரு தலைமாட்டுல எடம் உட்டு வெச்சிருந்தோம், தம்பி வந்து உட்காரணும்னு. நல்ல மழை வந்துடுச்சு. தூக்கிட்டாங்க."

சங்கீதா கழுவிய குடத்தையே மறுபடியும் கழுவினாள்.

"எதுக்குன்னு நான் கேக்கல. கேட்டா சொல்லுவ. அதக் கேட்டு நான் இன்னா பண்றது?"

குடத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆண்கள் பால் தெளிக்கப் போயிருந்த நேரத்தில் தனக்கோடி கூப்பிட்டாள். சங்கீதா தோட்டத்துப் பக்கம் போய் எடுத்தாள்.

"சங்கீதா! இன்னாத்த சொல்லுவேன் போ. சம்பந்தியம்மா டப்பாவத் தொறந்தவங்க மூடவே இல்ல. இனியா புடவையை எடுத்தாந்து பக்கத்துல வெச்சு வெச்சுப் பாக்கறாங்க. 'யாரு கைம்மா இது'ன்னு கேட்டாங்க. என் பொண்ணு மாதிரின்னு சொல்லிட்டேன். ராசியான கைடி உன்னுது. கிறிஸ்துமஸுக்கு அவங்க வேலை பாக்கற பள்ளிக்கூடத்துக்கு வேணுமாம், பொங்கலுக்கு ஒரு வளைகாப்பு இருக்குதாம். கேக்கறியா?"

"கேக்கறேன் அக்கா. சந்தோஷம்."

"இன்னா குரலு ஒரு மாதிரி இருக்குது?"

"தூக்கம் இல்லக்கா."

சொல்ல முடியவில்லை. சொன்னால் இன்று வெம்பாக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட, அதற்கு இருபத்தோரு டப்பாதான் காரணம் என்றாகும். அந்தப் பயத்தைத் தானே வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தாள். வளைகாப்பு என்று தனக்கோடி சொன்னது காதிலேயே நின்றது. இத்தனை வருடம் ஏங்கிய அழைப்பு. அதை அவள் சாவு வீட்டு வாழைமரங்களுக்கு நடுவில் நின்று கேட்டாள்.

பத்து மணிக்கு எழிலரசன் தனியாக வந்து மோட்டார் ஷெட் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் தலையை மழித்திருந்தான். அவள் காபி கொண்டு போனாள். வாங்கி அப்படியே கீழே வைத்தான்.

"போனை அந்தப் பெட்டியில போட்டேன் பாரு," என்றான். "எங்க கடை சக்கரவர்த்தி போட மாட்டான். இடுப்புல சொருவிகினு வருவான், தெரியுமா? எத்தினியோ தபா சொல்லியிருக்கான், 'நீயும் வெச்சுக்கோ எழிலு, ஆத்திர அவசரம்'னு. நான்தான் பெரிய ஒழுங்கு மாதிரி தினமும் மொதல் ஆளா கொண்டுபோய்ப் போடுவேன்."

"விடுங்க."

"எப்படி உட்றது? எனக்காக நிறுத்தி வெச்சிருந்தாங்களாம் சங்கீ. பாட்டு பாடற ஆளுங்கள்ல ஒருத்தர் சொன்னாரு. தம்பி வரணும் தம்பி வரணும்னு மணிக்கணக்கா வெச்சிருந்தாங்களாம். சேதியே போகாம நான் வருவேன்னு எப்படி நம்பினாங்க? மனசுல தோணியிருக்கணும் எனக்கு. அண்ணன் போறப்ப தம்பிக்கு ஒரு துடிப்பாவது வேணாமா? நான் இன்னாடான்னா புடவைய விரிச்சுப் போட்டு சிரிச்சுகினு..." அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஒருமுறை, இரண்டு முறை. "எல்லாம் என்னாலதான்."

மூன்றாவது முறை அடிக்கும்போது சங்கீதா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கன்னியம்மாள் சொல்லமாட்டாள், துரையும் சொல்லமாட்டான். இவன் இப்படியே அடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்து, இவளோடு வீட்டுக்கு வந்துவிடுவான். ஆயுசுக்கும் அந்தத் தகரப் பெட்டியை நினைத்துக்கொண்டிருப்பான். அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"உங்க போனால இல்லங்க," என்றாள். "துரை என் போனுக்கு அடிச்சான். காலையில, ஒன்பதே முக்காலுக்கு."

அவன் உடனே புரிந்துகொள்ளவில்லை. "எந்த காலையில?"

"நேத்து காலையில."

மோட்டார் பைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் சாப்பிட வந்தேனே," என்றான்.

"ஆமா."

"அப்ப தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"குழம்பு ஊத்துனியே."

அவள் அந்தக் காபியை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"அண்ணனுக்கு ஒரு டப்பா போடுன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"ஏன் சங்கீ?" அவன் குரலில் கோபமே இல்லை. வழி தெரியாமல் கேட்கிறவனைப் போலக் கேட்டான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தனக்கோடி, வெம்பாக்கம், ஒரு மணி, ராகு காலம், மூன்று மணி. எத்தனை வருடமாக யாரும் தன் கையால் எதையும் கேட்டதில்லை என்பதையும் சொன்னாள். நேற்று மலை மாதிரி இருந்த ஒவ்வொன்றும் சொல்லச் சொல்லச் சின்னதாகிக்கொண்டே போயிற்று. "காதுல விழற வரைக்கும் தீட்டு இல்லன்னு நெனச்சேன். உங்க காதுல விழலியேன்னு..."

"உன் காதுல விழுந்துச்சே."



"அண்ணிக்குத் தெரியுமா?" என்று அவனே மறுபடியும் கேட்டான்.

"தெரியும். துரைக்கும் தெரியும்."

"எனக்கு மட்டுந்தான்." தலையை ஆட்டிக்கொண்டான். அவள் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டான். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். "பன்னண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்குது. அத உட்டா சாயங்காலந்தான். கிளம்பு."

"பதினாறாம் நாள் வரைக்கும் நானும் இங்கயே இருக்கேங்க. வேலை செய்யறேன். அக்காவுக்குக் கூடமாட..."

"வேணாம்."

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூட வந்தான். கையிலிருந்த பையை அவன்தான் வாங்கித் தூக்கிக்கொண்டான். பழக்கம். பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரமாக இடம் பார்த்து உட்கார வைத்தான். கண்டக்டரிடம், "ஆரணி ஒன்னு," என்றான்.

"காரியம் முடிஞ்சதும் வந்துடுவீங்க இல்ல?" என்று கேட்டாள்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மழித்த தலையில் வெயில் பட்டு, யாரோ தெரியாத ஆள் மாதிரி இருந்தான்.

"சொல்லத் தெரியல சங்கீ," என்றான். "உன்னைப் பாத்தா சோறு ஞாபகம் வருது."

இறங்கிப் போனான். அவளைப் பஸ் ஏற்றிவிடும்போதெல்லாம் வண்டி வளைவு திரும்பும் வரைக்கும் ரோட்டிலேயே நின்று கையாட்டுகிறவன். இன்று வண்டி கிளம்புவதற்கு முன்பே தெருவுக்குள் நடந்துவிட்டான்.

பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, மடியில் பட்டாசுப் பையோடு உட்கார்ந்திருந்தாள். சங்கீதாவின் கலைந்த தலையையும் பொட்டில்லாத நெற்றியையும் பார்த்தாள்.

"சாவுக்கு வந்தியாம்மா? யாரு?"

"எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன்."

"அடப்பாவமே, நல்ல நாளும் அதுவுமா." அந்த அம்மா பட்டாசுப் பையை அவள் மேல் படாமல் மறுபக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "வீட்டுக்காரரு வரலியா?"

"வருவாரு," என்றாள் சங்கீதா.

அது பொய்யா இல்லையா என்று இந்த முறை அவளுக்கே தெரியவில்லை.